மஞ்சள் நாடா, சிவப்பு நாடா

— இன்ஜின் ஓட ஆரம்பிச்சு முப்பத்தொன்பது மணி, நாப்பத்தெட்டு நிமிஷம்! மிர்கோ அண்ணே, நாப்பது மணி ஆக இன்னும் பன்னெண்டே நிமிஷம். சத்தியமா எனக்குக் கால் தரையில நிக்கல.

— நிக்காட்டி உக்காரு தாயி. அந்தக் கண்ணாடிய விட்டுத் தள்ளி உக்காரு. உன் மூச்சுப் பட்டுப் பட்டு உள்ள ஓடறது எனக்கு ஒண்ணும் தெரியல.

— எதுக்குத் தெரியணும்? கேளு! உள்ளங்கையில அடங்கற சிலிண்டர், அதுக்கு என்ன குரல் பாரு. ஏழாயிரம் சுத்துல ஒரு நடுக்கம் உண்டா?

— ஏழாயிரத்து நூறு.

— அதான். சத்தியமா சொல்றேன், மஞ்சள் என்னோடது.

— நான் ஒண்ணும் சொல்லலியே.

— நீ எப்படிச் சொல்லுவே? முதலாளிதான் உன் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்காரே. ரெண்டு இன்ஜினையும் ஒரே மாதிரி கூட்டுக்குள்ள வச்சு சீல் அடிக்கணும், ஒண்ணுக்கு மஞ்சள் நாடா, ஒண்ணுக்குச் சிவப்பு நாடா. எது இந்த மிலேனா செஞ்சது, எது போட்டிக்கு வந்த ரெனாட்டோ செஞ்சதுன்னு கட்டினவனுக்கு மட்டும்தான் தெரியணும். நாப்பது மணி முடியற வரைக்கும் அவன் மூச்சு விடக்கூடாது. நல்ல சட்டம்தான் அண்ணே. ஆனா பெத்தவ காதுக்கு நாடா கட்ட முடியுமா?

— இந்தக் கண்ணாடி முன்னாடி நின்ன அத்தன பேரும் இதத்தான் சொல்லியிருக்காங்க. குரல வச்சே கண்டுபிடிச்சிடுவேன்னு.

— கண்டுபிடிச்சாங்களா?

— பாதிப் பேரு.

— அந்தப் பாதியில நான் இருக்கேன். சிவப்ப எடுத்துக்கோ. கிளப்பின அன்னிக்கே என்ன சொன்னேன்? தொண்டையில சளி கட்டின மாதிரி ஒரு இழுப்பு, இது ரெனாட்டோ இன்ஜின்தான்னு சொன்னேனா இல்லியா? இன்னிக்கு விடிகாலையில, முப்பத்தொண்ணாவது மணியில, கீச்சுன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்னுது. அப்ப நான் குதிச்சேன் பாரு!

— பாத்தேன். என் காபி என் சட்டையில இருந்துச்சு.

— அதுக்கு இன்னொரு காபி வாங்கித் தர்றேன். ஒண்ணென்ன, பத்து.

— காபி இருக்கட்டும். சிவப்பு ஏன் நின்னுச்சுன்னு நினைக்கிறே?

— இதுக்கு யோசிக்க வேற வேணுமா? பிஸ்டன் சூடாச்சு, உப்பிச்சு. உப்ப இடமில்ல, சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. அந்தக் கீச்சு சத்தம் வேற எதுக்கும் வராது.

— இடம் ஏன் இல்ல?

— பேராசைதான். இடைவெளியக் குறைச்சா ஒரு குதிரை சக்தியில கால்வாசி கூடக் கிடைக்கும். காகிதத்துல அழகா இருக்கும். ரெனாட்டோவுக்குக் காகிதம்தானே எல்லாம்!

— நீ குறைக்கலியா?

— குறைச்சேன். ஆனா கணக்குப் போட்டுக் குறைச்சேன். மூணு தடவ சரிபாத்தேன். அவன் வாய்க்கு வந்தபடி குறைச்சிருப்பான்.

— ரெண்டு பேரும் குறைச்சிருக்கீங்க.

— அண்ணே, ஒரே கத்திதான். டாக்டர் கையிலயும் இருக்கும், திருடன் கையிலயும் இருக்கும்.

— ம்.

— என்ன ‘ம்’? ரெண்டு நாளா உன் மூஞ்சி நல்லால்ல. ரெனாட்டோ தோத்தது உனக்கு வருத்தமா?

— தூக்கமில்ல தாயி. வேற ஒண்ணுமில்ல.

— மாதாவே, இது பட்டறையா பேக்கரி அடுப்பா! இப்படி வேகுது! அக்கா, முடிஞ்சிடுச்சா? நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிருந்தா உன்னக் கொன்னே போடுவேன்.

— கதவச் சாத்து கத்யா! வெளிக்காத்து உள்ள வந்தா அளவு மாறும். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. கையில என்ன?

— சுடச்சுட க்ரெஷா ரொட்டி. உள்ள கீரையும் பன்னிக்கறியும். மிர்கோ அண்ணே, முதல் துண்டு உங்களுக்கு. சாப்பிடுங்க, செத்த கோழி மாதிரி இருக்கீங்க.

— வேணாம்மா. அப்புறம்.

— அண்ணன் சாப்பாட்ட வேணாங்கறாரு! அக்கா, இவருக்குக் காய்ச்சலா பாரு.

— நீ முதல்ல இதக் கேளுடி. காத வை. இதுதான் ஞாயித்துக்கிழமை உன் முதுகுல ஏறப்போறது.

— மாதாவே... என்னமா பாடுது! அக்கா, என் முதுகே சிலிர்க்குது. அங்கோனா மலை விளிம்புலேர்ந்து ஒரு ஓட்டம், தலைக்கு மேல பாராசூட் துணி விரியும், முதுகுல இவன் உறுமுவான். அப்புறம் மூணு மணி நேரம் கீழ வெறும் கடல். எதிர்க்கரையில இறங்கினதும் முதல் வேலை, மீன் வறுவல்.

— ஜெயிச்சது ரெனாட்டோ இன்ஜினா இருந்தா?

— அதத்தான் கட்டிட்டுப் போவேன் அண்ணே. முதலாளிக்கிட்ட ஒத்துக்கிட்டது அதுதானே? நாப்பது மணி தாங்கினது எதுவோ அது என் முதுகுக்கு. ஆனா அவன் இன்ஜின்ல போனா வழி பூரா அவனத் திட்டிக்கிட்டே போவேன்.

— அவன எங்க காணோம்? முந்தாநாள்லேர்ந்து இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. முகத்தக் காட்ட வெக்கம்!

— வெக்கமா? இப்பதான் பார்ல பாத்தேன். சீட்டு விளையாடிக்கிட்டு ஹாஹான்னு சிரிச்சிட்டிருக்கான். ‘உங்கக்கா இன்ஜின் எப்படிப் போகுது?’ன்னு என்னயே கேக்கறான். தன்னோடதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

— பாசாங்கு. உள்ளுக்குள்ள அழுதிட்டிருப்பான்.

— அப்படித் தெரியல அக்கா. சரி விடு, நான் படகுக்காரனுக்குப் போன் போடறேன். நான் பறக்கறப்ப கீழ கூடவே படகு வரணும்ல. இப்பச் சொன்னாத்தான் ஞாயித்துக்கிழமைக்கு வருவான். திங்கக்கிழமை வடகாத்து கிளம்பிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான்.

— போனக் கீழ வை கத்யா.

— ஏன் அண்ணே?

— மணி முடியட்டும்.

— நாலு நிமிஷம்தானே? இத்தன நேரம் ஓடினது நாலு நிமிஷம் ஓடாதா?

— வை-ன்னு சொன்னேன்.

— அம்மாடி! அக்கா, இவரு அதட்டிக்கூடப் பேசுவாரா?

— தூக்கமில்லையாம். விடு. அண்ணே, நீயும் கொஞ்சம் சந்தோஷப்படேன். ரெண்டு வருஷம் வரைஞ்சு வரைஞ்சு அழிச்சிருக்கேன். எல்லாரும் என்ன சொன்னாங்க? படிச்சுட்டு வந்த பொண்ணு, படத்த வரையட்டும், இன்ஜின நாங்க பாத்துக்கறோம்னாங்க. நீ மட்டும்தான் சோதனை மேடையில ஏத்திப் பாப்போம்னே.

— இப்பவும் அதத்தான் சொல்றேன். மேடை சொல்றத மட்டும் கேளு.

— கேட்டுட்டுத்தான் இருக்கேன்!

— மிலேனா, ஒண்ணு கேக்கறேன். அந்தச் சிவப்பு முப்பது மணி ஒழுங்காத்தான் ஓடிச்சு. கடல் தாண்ட மூணு மணிதான். அதக் கட்டிக்கிட்டுப் போன்னு இவளுக்குச் சொல்லுவியா?

— பைத்தியமா உனக்கு? முப்பத்தொண்ணுல ஒட்டறது மூணுலயும் ஒட்டும். நல்ல வெயில், காத்துல உப்பு, கத்யா கொஞ்சம் முறுக்கிப் பிடிச்சா நடுக்கடல்ல நின்னுடும். சத்தியமா சொல்றேன், என் பொணத்தத் தாண்டித்தான் அவ அதுல ஏறணும்.

— ரொம்ப நல்லா இருக்கு! என் சாவப் பத்தி க்ரெஷா ஆறறதுக்குள்ள பேசி முடிங்க.

— நல்ல பதில் தாயி. அத மறந்துடாத.

— மறக்கறதுக்கு என்ன இருக்கு? ஐயோ, பாரு பாரு, கடைசி நிமிஷம்! கத்யா, கையக் குடு. உன் கை ஏன்டி இப்படிச் சில்லுனு இருக்கு?

— உன் கைதான் அக்கா கொதிக்குது. நாப்பது செகண்டு... முப்பத்தஞ்சு... அண்ணே, நீங்களும் எண்ணுங்க!

— எண்ணிட்டுத்தான் இருக்கேன்.

— பத்து... அஞ்சு... மூணு, ரெண்டு, ஒண்ணு! நாப்பது! நாப்பது மணி! மாதாவே!

— அண்ணே, நிறுத்தாத! இன்னும் ஒரே நிமிஷம் ஓடட்டும், ஆசையாக் கேட்டுக்கறேன்... சரி, இப்ப நிறுத்து. ம்ம்... அடங்கறது கூட எவ்வளவு அழகு! இப்ப பூட்டத் திற அண்ணே. மஞ்சள் யாரோடது?

— உன்னோடது.

— சொன்னேனா! சொன்னேனா இல்லியா! கத்யா!

— அக்கா, விடு, மூச்சு முட்டுது! அண்ணே, இப்பப் போன் போடலாம்ல? அதுக்கு முன்னாடி, சிவப்பு ரெனாட்டோவோடதுன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. பார்ல போய் அவன் சீட்டக் கலைக்கணும்.

— ரெனாட்டோ கடைசி நேரத்துல விலகிட்டான், தாயி. அவன் இன்ஜின் மேடையில ஏறவே இல்ல. இடம் காலியாக் கிடக்குதேன்னு, அதே படத்த வச்சு அதே அளவுல செஞ்சு நீ உதிரியாக் குடுத்த ரெண்டாவது இன்ஜின ஏத்தி ஓட்டினேன். சிவப்பும் உன்னோடதுதான்.