துணி கட்டிய கரை

— பின் சக்கரம் ஷிஃபா, பின் சக்கரம்! என் ரூம் கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கேன் பாரு, அது.

— எடுத்துட்டேன் நானா. ஸ்கூட்டியில வச்சுக் கட்டியும் ஆச்சு. வழியை மட்டும் சொல்லுங்க.

— பூவம் போற ரோட்டுல செங்கக் காளவாயைத் தாண்டினதும் ஒரு மண்ரோடு பிரியும். அதுல நேரா வந்தா சொல்தாக்குளம். குளத்தங்கரை மேல ஏறிடு. அங்கங்க குச்சி நட்டு செவப்புத் துணி கட்டியிருக்கும். அதைப் புடிச்சுக்கிட்டே வா, தப்பவே முடியாது.

— அஸ்கர், உன் தங்கச்சிகிட்ட நானும் பேசணும், போனை இங்க குடு. ஷிஃபா, கீர்த்தி அக்கா பேசுறேன். அந்தச் செவப்புத் துணியைப் பாக்கப் பாக்க எனக்கு எரியுது. நம்ம அஷ்வினை மஞ்ச ரிப்பன் கட்டுடான்னா, வீட்டுக் கந்தலைக் கிழிச்சுக் கட்டி வச்சிருக்கான். நாளைக்கு நம்ம சைக்கிள் ரைடுக்கு நாப்பது பேர் வர்றாங்க, எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. வர்ற வழியிலயே குச்சியோட புடுங்கிக்கிட்டு வந்துடு, என்ன? மஞ்சளை நான் காலையில கட்டிக்கிறேன்.

— சரிக்கா.

— மறந்துடாத.

— சரிக்கா, சரிக்கா. கெளம்பிட்டேன்.

— அவகிட்டப் போய் வேலை சொல்றியே கீர்த்தி. உப்பு வாங்கிட்டு வான்னா கடைக்காரரோட மகளுக்குக் கல்யாணம்னு சேதி கொண்டு வருவா, உப்பு வராது. சக்கரம் வந்து சேந்தாலே பெருசு.

— உன் தங்கச்சிதானே, உன்னை மாதிரிதான் இருப்பா. நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க? உக்காந்துட்ட?

— இந்த ரிம்மைக் கொஞ்சம் நிமித்திப் பாக்குறேன். நாளைக்கு ஒரு சக்கரம் கையில உபரியா இருக்கட்டும்.

— எதுலடா மோதின?

— இதோ, இந்த இரும்புலதான். துணிக்குச்சிக்கு ஒட்டினாப்புல மண்ணுக்குள்ளேர்ந்து முனையை நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. பழைய பம்புசெட்டுக் குழாயா இருக்கும். அசைச்சுப் பாத்தேன், அசையல. நல்லதாப் போச்சு, இது மேலயே ரிம்மை வச்சுக் கல்லால தட்டிடலாம்.

— மெதுவாத் தட்டு.

— சத்தத்தைக் கேட்டியா? குழாய்னா டொங்குனு கேக்கணும். இது உள்ள கெட்டியா இருக்கு.

— எதுவா வேணா இருக்கட்டும், நாளைக்கு ஒரு பய இதுல மோதி விழாம இருந்தாச் சரி. ரைடு முடிஞ்சதும் இதைத் தோண்டி எடுத்துடணும். அஸ்கர், நாளைக்கு நல்லபடியா நடந்துடும்ல?

— இன்ஷா அல்லாஹ். ஏன் இவ்ளோ பயப்படுற?

— நம்ம ஊருக்கு யாருடா வர்றா? திருநள்ளாறுக்கு வர்றவங்க சனி பகவானைப் பாத்துட்டு திரும்பிப் பாக்காம பஸ் ஏறிடுறாங்க. ரெண்டு வருஷமா நான் கூப்பாடு போட்டேன், ஒருத்தர் வரல. சொல்தா ரைடுன்னு பேர் வச்சதும்தான் ஆள் சேந்துச்சு. சண்டைக் காலத்துப் பட்டாளம் தங்கின குளம், செத்துப்போன சொல்தா இன்னமும் உலாவுற கரைன்னு எழுதிப் போட்டேன். ரெண்டே நாள்ல இடம் நெறைஞ்சிடுச்சு.

— பேயை வச்சு வியாபாரமா?

— நான் கட்டிவிட்ட கதையா இது? ஊர்லயே சொல்றாங்கப்பா. சொல்தான்னா சிப்பாய்தானே, பிரெஞ்சுக்காரன் காலத்து ஆளு ஒருத்தன் குளத்துக்குள்ள நடக்குறானாம், தண்ணி வத்தினா இரும்பு உரசுற சத்தம் கேக்குமாம். அதனாலதான் வடக்கு மூலையில யாரும் மீன்கூடப் புடிக்க மாட்டாங்களாம்.

— பேய் கெடக்கட்டும், கரை அருமையா இருக்கு. நான் வேலை பாக்குற துபாய்ல இந்த மாதிரி சரளை மண்ணுல ஓட்டணும்னா சைக்கிளைக் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு அலையணும். இங்க டயர் நறநறன்னு பேசிக்கிட்டே வருது.

— இந்தக் கோடையில குளத்தை முழுசாத் தூர் வாரினாங்கல்ல? அந்த மண்ணைக் கரையில கொட்டி, மேல சரளையைப் பரப்பியிருக்காங்க. வடக்கு மூலையையும் விடல, பொக்லைன் விட்டு அள்ளிட்டாங்க. அதான் புதுக் கரை.

— ஆனா ஒரு ஆளைக் காணோம் பாத்தியா? ஆடு மாடுகூட இல்ல. முழங்கால் ஒசரம் புல்லு நிக்குது.

— கரை தொடங்குற எடத்துல கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சிருந்தாங்கல்ல, ஆடு ஏறாம இருக்கத்தான்.

— நாம சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத் தாண்டி வந்தோம்.

— நாம என்ன ஆடா?

— தம்பீ! ஏ தம்பி! தட்டாதீங்க!

— யாருடா அது? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சட்டை போடாம ஒருத்தர்.

— தட்டாதீங்கன்னு சொல்றேன்ல! கல்லைக் கீழ போட்றாதீங்க, கையிலயே வச்சுக்குங்க!

— அண்ணே, காத்துல ஒண்ணும் புரியல. இந்தப் பக்கம் வந்து பேசுங்க.

— நான் வர மாட்டேன். எம் பேரு மருதையன், இந்தா தெரியுதே இதுதான் என் வயலு. இந்தக் கரை மேல இனிமே நானும் ஏற மாட்டேன், என் மாடும் ஏறாது. தம்பி, அந்த இரும்பு மேலேர்ந்து சக்கரத்தைப் பூப்போல எடுங்க. பூப்போல. எடுத்தாச்சா?

— எடுத்துட்டேண்ணே.

— அல்லாசாமி புண்ணியம். இப்ப எழுந்திரிச்சு, வந்த தடத்துலயே ரெண்டு எட்டு பின்னால வாங்க.

— என்னண்ணே, பட்டப்பகல்லயே சொல்தா பேய்க்கு இவ்ளோ பயமா?

— பேய்க்கு நான் எதுக்கு தங்கச்சி பயப்படணும்? பேய் வந்தா ஒரு பீடி குடுத்து அனுப்பிடுவேன். தம்பி தட்டினது குண்டு. பட்டாளத்துக் குண்டு.

— விளையாடாதீங்கண்ணே.

— மூச்சு வாங்க ஓடி வந்து விளையாடுற வயசா எனக்கு? சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் கடல் வழியா வர்றான்னு சொல்லி இந்தக் கரையில கூடாரம் போட்டிருந்தாங்க. ஜப்பான்காரன் வரல. இவங்க கெளம்புறப்ப, மிஞ்சின குண்டையெல்லாம் தூக்கிட்டுப் போகச் சோம்பல்பட்டு, வடக்கு மூலையில தள்ளிட்டுப் போயிட்டாங்க. சின்னப் புள்ளைங்க அங்க எறங்கிடக் கூடாதுன்னு பெரியவங்க பேய்க்கதையைக் கட்டிவிட்டாங்க. தூர் வாருறப்பல்லாம் ஊர்ல அந்த மூலையை மட்டும் விட்டுடுவோம். இந்தத் தடவை வெளியூர் கான்ட்ராக்டர். அந்த மூலையைத் தொடாதீங்கன்னா, பேய்க்குப் பயந்தவனுங்கன்னு சிரிச்சான். அள்ளிக் கரையில கொட்டி, அழகா நெரவிவிட்டுட்டுப் போயிட்டான்.

— இந்தக் கரையிலயா?

— நீங்க நிக்கிற மண்ணுதான் தங்கச்சி.

— அண்ணே, நான் இது மேல கல்லால அடிச்சேன். எத்தனை அடி அடிச்சேன்னு எனக்கே தெரியாது.

— சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன். அடுத்த அடி விழறதுக்குள்ள இங்க வந்துடணும் மாரியாத்தான்னு வேண்டிக்கிட்டே வந்தேன். மொத மழை பேஞ்சதுலேர்ந்து ஒண்ணொண்ணாத் தலையை நீட்டுது. போன வாரம் எங்க மச்சான் வீட்டு எருமை அதுல ஒண்ணை மிதிச்சுது. கொம்பு அந்தப் புளியமரத்துல தொங்குது, பாருங்க. எடுக்க ஆளு ஏறல.

— யா அல்லாஹ். கீர்த்தி, அங்க பாக்காத.

— பாத்துட்டேன். அண்ணே, இதெல்லாம் ஒரு போர்டு எழுதி வைக்கக் கூடாதா?

— சொல்லியாச்சு தங்கச்சி. வெடி எடுக்குற ஆளுங்க வெளியூர்லேர்ந்து வர்றாங்க, பொறுங்கன்னாங்க. அதுவரைக்கும் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைச்சோம். எங்கெங்க இரும்பு தெரியுதோ அங்கெல்லாம் குச்சி நட்டு செவப்புத் துணி கட்டினோம். ஊருக்குள்ள இருக்கிறவனுக்கு அது போதும். நல்ல தார் ரோடு கெடக்குறப்ப சைக்கிளைத் தலையில தூக்கிக்கிட்டு முள்ளைத் தாண்டுற ஆளுங்களும் இருப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு.

— செவப்புத் துணி நீங்க கட்டினதா?

— எங்க வீட்டுப் பொம்பளைங்க பழைய சீலையைக் கிழிச்சுக் குடுத்தாங்க. நீங்க அதைப் பாக்கல?

— பாத்தோம்ணே. அதைப் பாத்துத்தான் வந்தோம்.

— பாத்துட்டா வந்தீங்க?

— எங்க ரைடுல வழி காட்ட ரிப்பன் கட்டுவோம். எங்க ஆளு கட்டினதுன்னு நெனைச்சு, ஒவ்வொரு துணியா தேடித்தேடி அது பக்கத்துலயே ஓட்டிக்கிட்டு வந்தோம்.

— அடப் பாவமே! குண்டு இருக்கிற எடமாப் பாத்து ஓட்டியிருக்கீங்களே!

— அஸ்கர், நாளைக்கு நாப்பது பேர்டா. இந்தக் குச்சியைப் புடிச்சுக்கிட்டு நின்னு போட்டோ எடுத்திருப்பாங்க. நான்தான் நிக்க வச்சிருப்பேன்.

— அதை அப்புறம் பேசலாம். இப்ப ரைடு இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணே, நாங்க எப்படி வெளியில வர்றது? வாய்க்கால்ல எறங்கி நீந்தி வந்துடவா?

— வேணாம் தம்பி. சரிவுல மண்ணு இறுகல, உருட்டிவிட்டதெல்லாம் அங்கதான் கெடக்கு. குளத்துப் பக்கமும் அப்படித்தான். வந்த வழியேதான் போகணும். சைக்கிளை அங்கயே போட்டுட்டு, கரையோட நடுவுல உங்க டயர்த் தடத்துலயே காலை வச்சு வாங்க. துணி தெரிஞ்சா அதுக்கு எதிர்ப்பக்கமா ஒதுங்கிக்குங்க. நான் இந்தப் பக்கம் கூடவே நடந்து வர்றேன்.

— அண்ணே, மழை வருது.

— தெரியுது. பொடிநடையா வராம கொஞ்சம் எட்டி வைங்க. மழை வலுத்தா தடம் அழிஞ்சிடும். அழிஞ்சாப் பயப்படாதீங்க, துணி இருக்கு. இருட்டுறதுக்குள்ள துணியைப் பாத்தே வெளியில வந்துடலாம். நாங்க ரெண்டு நாள் வெயில்ல நின்னு, ஒண்ணு விடாமக் கட்டியிருக்கோம். துணியை நம்புங்க.

— கீர்த்தி, வா. என் பின்னாடியே வா. கீர்த்தி? ஏன் நின்னுட்ட?

— ஷிஃபா.

— யா அல்லாஹ், ஷிஃபா! துணியைப் புடிச்சுக்கிட்டே வான்னு நான்தானே சொன்னேன். போனைப் போடு, போனைப் போடு!

— மணி அடிக்குதுடா. எடுக்க மாட்டேங்குறா.

— வண்டி ஓட்டுறப்ப எடுக்கவே மாட்டா. மறுபடி போடு.

— அஸ்கர், நான் அவகிட்ட வேற ஒண்ணு சொன்னேன்.

— என்ன சொன்ன? ஏதோ வேலை சொன்னேன்னுதான் காதுல விழுந்துச்சு.

— துணியை… ஒண்ணுமில்ல. அவ மறந்திருப்பா. அவ எதையும் மறந்துடுறவதானே? நீயே சொன்னியே, உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாக்கூட மறந்துடுவான்னு. சொல்லுடா, மறந்துடுவாதானே?

— தம்பி, யாரு அது? கரை மேல ஸ்கூட்டி வர்ற சத்தம் கேக்குது.

— என் தங்கச்சிண்ணே! ஷிஃபா! நில்லு! ஷிஃபா, அங்கயே நில்லு!

— என்ன நானா? கேக்கல!

— வண்டியை நிறுத்து! காலைக் கீழ வைக்காத!

— பாப்பா, பிரேக்கைப் புடிம்மா! புடி! அப்படித்தான். ஆடாம நில்லு. தம்பி, பயப்படாதீங்க, நல்ல எடத்துலதான் நிக்குது புள்ளை.

— அல்ஹம்துலில்லாஹ். ஷிஃபா, அந்த அண்ணன் சொல்றதைக் கேளு. எதுவும் கேக்காத, சொல்றதை மட்டும் செய்யி. என் தங்கம்ல.

— ஏன் நானா, உங்க குரலு ஒரு மாதிரி இருக்கு? முள்ளு போட்டிருந்துச்சு, அதை இழுத்து ஓரமாப் போட்டுட்டு வர இவ்ளோ நேரம் ஆயிடுச்சு. அதுக்கா கோவம்?

— கோவம் இல்லம்மா. அண்ணே, சொல்லுங்க. மழை ஊத்துது, எனக்கு எங்க தடமே தெரியல.

— தடம் போனாப் போவுது. பாப்பா, நான் சொல்றதைக் கேளு. வண்டியிலேர்ந்து மெதுவா எறங்கு. திரும்பி நில்லு. நீ வந்த வழியில குச்சியில செவப்புத் துணி கட்டியிருக்கும். அதுக்குக் கிட்டப் போகாம எதிர்ப்பக்கமா ஒதுங்கி நட. உங்க அண்ணனும் அக்காவும் அப்படியே உன் பின்னாடி வந்துடுவாங்க. மொதத் துணி எந்தப் பக்கம் நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு.

— ஷிஃபா, இரு, நான் கேக்குறேன். நான் போன்ல சொன்னேனே, அது… அதை நீ மறந்துட்டதானே?

— அய்யோ அக்கா, நீங்களும் நானா மாதிரியே கேலி பண்றீங்களே! இந்தா பாருங்க, பை நெறைய. ஒரு குச்சி விடாமப் புடுங்கிட்டேன்.