படிவத்தில் இல்லாத லயம்

ஹட்டனிலிருந்து வட்டவளை போகும் பஸ். கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"நீ இன்டர்நெட்டுல செஞ்ச கவிதைப் பக்கம் நல்லாருக்கு. வரி, பத்தி எல்லாத்துக்கும் சரியா டேக் போட்டிருக்க. ஆனா கவிதை அனுப்புற படிவத்த எங்கப்பாவால நிரப்ப முடியலடி."

"ஏன்க்கா?"

"வீட்டு நம்பரும் தெருப் பேரும் போடாம அனுப்ப விடமாட்டேங்குது. தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடுங்கதான், ஏது தெரு?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொதல்ல லயத்துக்கும் ஒரு பெட்டி வச்சிருந்தேன்க்கா. நானும் லயத்துப் புள்ளன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு எடுத்துட்டேன்."

"அப்ப நீ எந்த அட்ரஸப் போட்டு அனுப்பிப் பாத்த?"

"கொழும்புல அம்மா வேல செய்யிற வீட்டு அட்ரஸ."