பித்தளைக்குப் பக்கத்தில் இரும்பு

(1938ஆம் வருஷம், சித்தூர் மிஷன் வாசகசாலையின் ஆண்டு விழாவில், சென்னைப் படகுப் பட்டறை ஃபிட்டர் நேசகுமார் ஆற்றிய உரை)

அறிவை அணியாகவும் அமைதியை ஆசனமாகவும் கொண்டு வீற்றிருக்கும் தலைவர் ஏசுரத்தினம் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்தும், பின்வரிசையில் கண் அயர்ந்தும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் குழந்தையையும் மனத்தில் பொறுமையையும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! கார்வேட்டிநகரத்திலிருந்து கட்டைவண்டியில் வந்து இன்னும் இடுப்பைத் தடவிக்கொண்டிருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடலில் இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதோ, தூணருகே நிற்பவர் கேட்கிறார்: "சித்தூர்ல கடல் எங்க நைனா கீது?"

இல்லை ஐயா. ஒப்புக்கொள்கிறேன். இருபது வருஷம் இராயபுரத்தில் படகு பழுதுபார்த்தவன், கடலே இல்லாத ஊரில் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு இங்கே மீனவர் ஒருவரும் இல்லை. அது எனக்குச் சௌகரியம்.

இரும்பு! மலையைப் பிளப்பது இரும்பு. மண்ணைப் புரட்டுவது இரும்பு. மன்னரின் கோட்டைக்குக் கதவானது இரும்பு. அந்த இரும்பை வெல்வது எது? வாளா? வெடிமருந்தா? உப்புத் தண்ணீர், ஐயா, உப்புத் தண்ணீர்! அதிலும், பித்தளையையும் இரும்பையும் ஒன்றோடொன்று சேர்த்து உப்புநீரில் வைத்தால், பித்தளை பிழைத்துக்கொள்ளும். இரும்பு கரைந்துகொண்டே போகும். இரண்டும் தனித்தனியே இருந்தால் இவ்வளவு வேகம் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இருபத்திரண்டு பேரைக் கடலுக்கு அனுப்பித் தெரிந்துகொண்டேன்.

எட்டு வருஷங்களுக்கு முன்னால், எங்கள் பட்டறைக்கு ஒரு படகு வந்தது. 'அலர்மேல்மங்கை' என்று பெயர். துறைமுகத்திலிருந்து தூரத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகும் இயந்திரப் படகு. இயந்திரத்தைக் குளிரவைக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் பித்தளைக் குழாய் ஒன்று அதன் அடிப்பலகையில் பொருத்தியிருந்தது. அதைப் பிடித்திருந்த நான்கு வெண்கல போல்ட்டுகளும் தேய்ந்திருந்தன. மெலிந்த வெண்கலம் எதற்கு என்று, என் கட்டைவிரல் கனத்தில் நான்கு இரும்பு போல்ட்டுகளை முடுக்கினேன். பார்க்கப் பலமாக இருந்தன. பார்ப்பதற்கு மட்டும்.

ஆறு மாதம் கழித்துப் படகு கரையேறியது. அடிப்பாகத்துச் சிப்பியைச் சுரண்டும் பெண்களில் ஒருவர் அம்சவேணி. நம் பாலசமுத்திரத்துக்காரர். மழை பொய்த்த வருஷம் புருஷனோடு பட்டணம் வந்தவர். புருஷன் முனிகிருஷ்ணன் அதே படகில் இயந்திரம் பார்ப்பவர். அம்சவேணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஐயா, பித்தள பளபளன்னு கீது. அத்தப் புடிச்சிக்கினு கீற இரும்புதான் உளுத்துப்போய்க்கினு கீது. தொட்டா ஈர வெல்லம் மாதிரி உதிருது."

"நீ சொரண்டற வேலையப் பாரு. இரும்ப நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்க்கவில்லை. சாயம் பூசினேன். இரண்டு பூச்சு. மிக அழகான பூச்சு; சாயம் பூசுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

அம்சவேணி என்ன செய்தார்? அழுதாரா? சண்டைக்கு வந்தாரா? ஒரு மரத்துண்டை ஆப்பாகச் செதுக்கினார். அதில் சாக்குத்துணியைச் சுற்றினார். புருஷன் கையில் கொடுத்து, "அந்தக் கொழாகிட்டயே வெச்சிக்கோ" என்றார்.

படகு மறுபடி கடலில் இறங்கிய நான்காம் நாள், கரையிலிருந்து ஒன்றரை மைலில், போல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அற்றன. குழாய் கழன்றது. கடல் உள்ளே வந்தது. முனிகிருஷ்ணன் ஆப்பை ஓட்டையில் அடித்து, அது பிதுங்கி வராமல் குதிகாலால் அழுத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மற்றவர்கள் வாளியாலும் தலைப்பாகையாலும் இறைத்தார்கள். வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்தது. இருபத்திரண்டு பேரும் கரை சேர்ந்தார்கள்.

விசாரணை நடந்தது. காரணம் என்ன என்று துறைமுக அதிகாரி கேட்டார். "கடல் சீற்றம்" என்றேன். அன்றைக்குக் கடல் தட்டில் ஊற்றிய பாலைப்போல அசையாமல் கிடந்தது. ஆனால் கடலைச் சாட்சிக்கு அழைக்க வழியில்லை அல்லவா? அடிப்பாகத்தைச் சுரண்டியவர் என்பதால் அம்சவேணியை அழைத்தார்கள்.

"துருவைப் பார்த்தாயா?"

"பாத்தேன் சாமி."

"யாரிடமாவது சொன்னாயா?"

"இந்த ஐயாகிட்டதான் சொன்னேன். காதுல போட்டுக்கல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இவள் சொல்வது நிஜமா? இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் வார்த்தை போதும்."

பெரியோர்களே, கதவு திறந்தே இருந்தது. 'இல்லை' என்றால் நான் தலைமை ஃபிட்டர், அம்சவேணி பொய்க்காரி. நாளை முதல் அவருக்கு வேலை இல்லை. பக்கத்துப் பெஞ்சில் முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். குதிகாலில் கட்டு. அவர் என்னை முறைக்கவில்லை. 'இவர் எப்படியும் இல்லை என்றுதான் சொல்வார்' என்று முடிவு கட்டியவரைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"நிஜம் ஐயா. இரும்பு போட்டதும் நான். மூடிப் பூசினதும் நான்" என்றேன்.

தலைமை ஃபிட்டர் பதவி போயிற்று. ஒரு வருஷம் சிப்பி சுரண்டும் கூட்டத்தில் போட்டார்கள். என் மேஸ்திரி அம்சவேணி. மிகவும் கண்டிப்பானவர்.

என்ன கேட்கிறீர்கள் அம்மா? உங்கள் கிணற்றுப் பம்புக்கும் இதேதானா? நல்ல தண்ணீரில் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

அன்றுமுதல் எங்கள் பட்டறையில் நீருக்கடியில் பித்தளை இருந்தால் வெண்கல போல்ட்டுதான்; இரண்டும் செம்பு வழி வந்த உறவு, ஒன்றையொன்று அரிக்காது. இரும்பைத் தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு துத்தநாகக் கட்டியைச் சேர்த்துக் கட்டுகிறோம். கடல் முதலில் அதைத் தின்னும், இரும்பு தப்பும். கட்டி கரைந்ததும் வேறு கட்டி. இத்தனை இருந்தும், அம்சவேணி சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்து, "சரி, உடு" என்று சொல்லாமல் எந்தப் படகும் தண்ணீரில் இறங்குவதில்லை. முதலாளியே அவசரப்படுத்தினாலும் இறங்குவதில்லை!

எது உறுதியான பொருள்? இரும்பா? வெண்கலமா? தேக்கா? எல்லாம் தேயும், ஐயா, எல்லாம் தேயும்! தேய்வதைக் கண்டவர் ஒருவர் இருப்பார். கண்டதைச் சொல்வார். அதைக் கையில் சுத்தியலோடு கேட்டால் படகு மிதக்கும். கையில் சாயத் தூரிகையோடு கேட்டால் மூழ்கும்! இந்த எட்டு வருஷத்தில் அவர் தட்டி அனுப்பிய படகுகள் நூற்றுப் பதினேழு. திரும்பி வந்தவை நூற்றுப் பதினேழு!

பேச இடம் தந்த தலைவருக்கும், கேட்கச் செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.