கப்பலில் துணைக்கு வரும் ராசம்மா டீச்சர்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, எங்கள் கடைவீதியின் மூத்த வியாபாரி ஜெய்னுலாப்தீன் பாய் அவர்களே, பாட்டியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் செல்லப் பிள்ளை திவ்யா, தமிழ் பாதிதான் புரியும் என்றாலும் டீச்சருக்காக வந்திருக்கும் வங்காள, தெலுங்கு, நிக்கோபார் உறவுகளே, இந்தத் தீவின் ஹட் பே பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஜெகநாதனின் வணக்கம்.

நான் கணக்கு வாத்தியார். சுருக்கமாகத்தான் பேச வரும். ஆனால் ராசம்மா டீச்சரைப் பற்றிச் சுருக்கமாகப் பேச முடியுமா? ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில் பணியாற்றினோம். அவர் தமிழ்ப் பாடம் நடத்தும் சத்தத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுத் தமிழ் படித்தார்கள். "டீச்சர், கொஞ்சம் மெதுவா" என்று போய்ச் சொன்னேன். "சார், உங்க கணக்கு சுவாரசியமா இருந்தா அதுங்க ஏன் இங்க காது வைக்குது?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து, சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், எழவில்லை. எனக்குத் துக்கம் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கோபமும் வருகிறது. வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவரா அவர்? வரும் செவ்வாய்க்கிழமைக் கப்பலில், இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் நம் நாகலிங்கம் அண்ணனைப் போர்ட் பிளேருக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அண்ணனுக்கு இரண்டாவது கண்ணில் ஆபரேஷன். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "டீச்சரம்மா இல்லாம நான் கப்பல் ஏற மாட்டேன் சார். ஒரு கண்ணு இருக்குல்ல, காம் சல் ஜாயேகா, அதுலயே ஓடிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது எப்படி அண்ணே ஓடும்? வாசல்படி தெரியாமல் போன வாரம் விழுந்தது யார்?

நண்பர்களே! ஓய்வு பெற்ற பிறகு நாம் என்ன செய்தோம்? நான் டிவி பார்த்தேன். ராசம்மா டீச்சர் என்ன செய்தார்? ஆலயத்தின் சார்பில் நோயாளிகளுக்குத் துணையாகக் கப்பல் ஏறினார்! ஆள் துணை இல்லாத யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் கப்பல்துறை ஜெட்டியில் பையோடு நிற்பார். ஜெய்னுலாப்தீன் பாயின் கடையிலிருந்து ரொட்டியும் பழமும் வந்துவிடும். இந்துவா, இஸ்லாமியரா, கிறிஸ்தவரா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? கேட்டதில்லை. "காலையில சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்.

ஒருமுறை, நீலச் சட்டை போட்ட பெரியவர் கப்பல்துறையில் இருப்பார் என்று தகவல். டீச்சர் போனார், நீலச் சட்டையைப் பார்த்தார், கையைப் பிடித்தார், ஏற்றிவிட்டார். அது யார்? தேங்காய் மூட்டை ஏற்றிவிட வந்த பெரியதம்பி! அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்று டீச்சர் அடக்கியிருக்கிறார். கப்பல் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, உண்மையான நோயாளி ஏற்கனவே உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார் என்று. "நீங்க ஏன்யா ஏறினீங்க?" என்று பிறகு கேட்டேன். "டீச்சர் கூப்பிட்டாங்க சார், எப்படி மாட்டேங்குறது?" என்றார். வந்தது வந்தோம் என்று டாக்டரிடம் இவரையும் காட்டினார் டீச்சர். ஒரு நோயும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஹட் பேயில் எழுத்துப்பூர்வமாக ஆரோக்கியமாக இருப்பவர் பெரியதம்பி ஒருவர்தான்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா இருப்பாரா? காத்திருக்கும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். "மேடம், யே ஆஸ்பத்திரி ஹை, ஸ்கூல் நஹீ!" இது பள்ளிக்கூடம் இல்லை என்று ஒரு நர்ஸ் இந்தியில் அதட்டினாராம். மறுநாள் அதே நர்ஸ் தன் மகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தாராம். நோயாளியைக் கட்டிலில் சேர்த்த கையோடு, அங்கேயே கல்லூரி விடுதியில் இருந்த திவ்யாவுக்குக் கருவாட்டுத் தொக்கு போய்ச் சேரும். "பாட்டி எனக்காக வந்தாங்களா, பேஷண்டுக்காக வந்தாங்களான்னு கடைசி வரைக்கும் தெரியல அங்கிள்" என்று காலையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது இந்தப் பிள்ளை. பிறகு அழுதது.

இவ்வளவு பயணம் செய்தவருக்குக் கடல் ஒத்துக்கொண்டதா? இல்லவே இல்லை! கப்பல் கரையைத் தாண்டியதும் வாந்தி. நோயாளிதான் எழுந்து அவர் தலையைப் பிடிக்க வேண்டும். ஏன் இப்படி வதைபட வேண்டும் என்று நான் திட்டியிருக்கிறேன்.

நாகலிங்கம் அண்ணன் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சுனாமியில் மனைவியைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே வராத மனிதர், போன வருடம் முதல் கண்ணுக்காக எப்படிப் போய்வந்தார்? நேற்று அதையும் கேட்டேன். "டீச்சரம்மா பாவம் சார், அப்படிக் கஷ்டப்பட்டாங்க. தலையப் பிடிச்சிக்கிட்டு, தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தேன். பயப்பட எனக்கு எங்க நேரம்?" என்றார்.

அன்பர்களே, படத்துக்கு மாலை போட்டோம். கண்ணீர் விட்டோம். போதுமா? ராசம்மா டீச்சரின் வேலை நிற்கலாமா? நிற்கக் கூடாது! ஆலயமும் பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து, துணை இல்லாமல் ஒரு நோயாளியும் இந்தத் தீவிலிருந்து கப்பல் ஏறுவதில்லை என்று இன்று உறுதி எடுப்போம். ரொட்டியும் பழமும் எப்போதும்போல வரும் என்று பாய் தலையை ஆட்டுகிறார். நல்லது.

சரி, செவ்வாய்க்கிழமை யார் போவது? என்ன, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்? நானே போகிறேன்.

நாகலிங்கம் அண்ணே, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கப்பல் ஒத்துக்கொள்ளாது. ஜெட்டியில் நின்றாலே தலை சுற்றும். டீச்சரைவிட மோசமாகப் படுத்துவேன். ஆனாலும் உங்களுக்காக ஏறுகிறேன்.

அண்ணன் எழுந்து நிற்கிறார். என்னண்ணே? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே மைக்கில் சொல்லிவிடுகிறேன். "ஐயோ, அப்புறம் உங்களத் தனியா எப்படி சார் அனுப்புறது? நானும் வரேன்" என்கிறார்.