மாதிரி வீட்டுக்கு வந்த பல் டாக்டர்

வெர்னா: கிளிஃப், இங்க ஓடி வாயேன்... இந்த கேக் அடுப்புக்குக் கண்ணாடிக் கதவு! உள்ள கேக் உப்புறதை வெளியில நின்னே பாக்கலாம்.

கிளிஃப்: மெதுவாப் பேசுடி. வீடு விக்கிறவர் வர்றார்.

ஹாஸ்கெல்: வாங்க, வாங்க! நான் ஹாஸ்கெல். போன வருஷம் இதே இடத்துல உருளைக்கிழங்கு தோண்டிட்டிருந்தாங்க. இப்ப ஜன்னல் வழியாப் பாருங்க... கண்ணுக்கெட்டுற வரைக்கும் வீடுதான்.

வெர்னா: அம்மாடி! காலையில வெறும் தரையாக் கிடந்தா சாயங்காலம் சுவர் நிக்குதாமே?

ஹாஸ்கெல்: நிக்குது மேடம். இது மாதிரிக்குக் கட்டி வச்சது. உங்களுக்கும் அச்சு அசலா இப்படியே கட்டித் தருவோம். உங்க பேரு...?

வெர்னா: மிஸஸ் விட்கோம்ப். இவர் பல் டாக்டர்.

கிளிஃப்: ஆமா... பல்லு.

ஹாஸ்கெல்: அடடே! எனக்குக் கடவாப்பல் ஒண்ணு ரொம்ப நாளா...

கிளிஃப்: ஞாயித்துக்கிழமை நான் யார் பல்லையும் பாக்கிறதில்ல சார்.

வெர்னா: ஐயோ, ஃப்ரிட்ஜைத் திறந்ததும் விளக்கு எரியுது! உள்ள முழு வான்கோழி!

ஹாஸ்கெல்: மெழுகு மேடம். சும்மா பார்வைக்கு.

வெர்னா: பின்னாடி பால் பாட்டில் இருக்கே... பாதி குடிச்சது. இது நிஜப் பால்.

ஹாஸ்கெல்: அது... அதுவும் பார்வைக்குத்தான். கதவை மூடுங்க, குளிர் போயிடும்.

கிளிஃப்: வெர்னா, இதைத் தொட்டுப் பாரேன்! குழாயைத் திருகின உடனே வெந்நீர் கொட்டுது!

வெர்னா: துணி துவைக்க மெஷின் வேற. நம்ம தகரக் கொட்டகையில எல்லாருக்கும் ஒரே குழா...

கிளிஃப்: வெர்னா!

ஹாஸ்கெல்: பல் டாக்டர்... தகரக் கொட்டகையில?

கிளிஃப்: போலாம் வா.

ஹாஸ்கெல்: இருங்க சார். நானும் வாராவாரம் தெரியாத மாதிரியே பேர் கேட்டுட்டிருக்கேன். போன ஞாயிறு வக்கீல்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி விமானம் ஓட்டுறவர். கோட்டு மட்டும் மாறவே இல்ல.

கிளிஃப்: ...துறைமுகத்துல மூட்டை தூக்கறேன் சார். உலக யுத்தம் முடிஞ்சு திரும்பினதுலேர்ந்து புரூக்ளின்ல தகரக் கொட்டகையிலதான் இருக்கோம். வீடு வாங்கற நிலைமை இல்ல. இவ மாசமா இருக்கா. வாரம் பூரா இந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் காத்துக் கிடக்கா. மேலிடத்துல சொல்லி எங்களை வரவிடாம பண்ணிடாதீங்க... இவ தாங்க மாட்டா.

வெர்னா: நாங்க எதையும் கெடுக்கல சார். தொட்டதைத் துடைச்சு வச்சிட்டுத்தான் போவோம். போன வாரம் உள்ரூம் படுக்கைகூடக் கசங்கிக் கிடந்துச்சு. நான்தான் விரிப்பை இழுத்து, தலையணையைத் தட்டிப் போட்டு...

ஹாஸ்கெல்: தெரியும் மேடம். நானும் யுத்தத்துக்குப் போயிட்டு வந்தவன்தான். தங்க எனக்கும் இடம் கிடைக்கல. நீங்க அவ்வளவு அழகா விரிச்சு வச்சிருந்தீங்களா... அன்னிக்கு ராத்திரி அதைக் கலைச்சுப் படுக்க மனசு வரல. தரையிலேயே படுத்துட்டேன்.