நன்றியுரை முடியும்வரை

நன்றியுரை சொல்ல ஒருவன் எழுந்தால் கூட்டமும் கூடவே எழுந்துகொள்ளும். எல்லா ஊர் அரங்குக்கும் இது பொருந்தும். நீங்களே எத்தனையோ கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருப்பீர்கள் சார், ஒரு நன்றியுரையையாவது முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? குற்றமாகக் கேட்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. பேச்சு முடிந்த பிறகு வரும் பேச்சு யாருக்கு வேண்டும்?

எங்கள் கண்ணாடிச் சொற்பொழிவு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். பழைய கண்ணாடிப் பட்டறை ஒன்றையே அரங்காக மாற்றியிருந்தோம். ஒரு வருடம் ஜன்னல் கண்ணாடியின் வரலாறு, ஒரு வருடம் மூக்குக் கண்ணாடி, ஒரு வருடம் வெறும் பாட்டில். முதலில் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, மேடையோரத்து உலையிலிருந்து கண்ணாடிக் குழம்பை எடுத்து ஊதிக் காட்டுவான். அவனுக்கு அதுதான் தொழில். ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அடுத்து பேராசிரியர் பேசுவார். கடைசியில் நான். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே தேநீர் என்று அச்சடித்திருப்பார்கள். படிப்பவர் கண் என்னைத் தாண்டிக் குதித்து நேரே தேநீருக்குப் போய்விடும்.

மைக் பொறுப்பும் என் தலையில்தான். அதனால் மேடையேறாமல், பக்கவாட்டிலிருந்த ஒலி அறையில் உட்கார்ந்தே நன்றியுரையை வாசிப்பேன். அந்த அறைக்கு வாசல் வெளித் தாழ்வாரத்தில். அரங்கைப் பார்க்க ஒரு பெரிய இரட்டைக் கண்ணாடி, மச்சினன் கைவேலை. அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் இந்தப் பக்கம் கேட்காது, மைக்கில் பேசுவது மட்டும் ஹெட்போனில் வரும். நாற்காலிகள் காலியாவதை அதன் வழியே பார்த்தபடிதான் பதினோரு வருடமாக நன்றி சொல்லி வந்தேன். முன்வரிசையில் என் மனைவி மட்டும் மிஞ்சியிருப்பாள். நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினால் அவளும் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல ஆட்டிக் காட்டுவாள். சுருக்குங்க என்று அர்த்தம். அவளைக் குறை சொல்லவில்லை. நல்லவள்.

இந்த வருடத்துக்கான ஆலோசனைக் கூட்டத்தில் மச்சினன்தான் ஆரம்பித்தான்.

"அடுத்த வருஷத்துலேருந்து நன்றியுரைய எடுத்துடலாம். மாமாவுக்குத் தொண்டை மிச்சம், நமக்கும் டீ சூடா கிடைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். என் மனைவி சிரித்ததை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

ஆக, இதுவே கடைசி என்று ஆனது. ஒழுங்காக எழுதினேன். நாற்காலி போட்டவர்வரை யாரையும் விடவில்லை. கடைசிப் பத்தி என் மனைவிக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு வாயைத் திறந்து ஒரு நன்றி சொன்னவன் இல்லை நான். நாலு பேர் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. நாலு பேர் இருந்தால்தானே சொல்ல முடியும்?

உலையைப் பற்றி மச்சினன் எனக்கு முன்பே சொல்லியிருந்தான். உலைப் புகையை வெளியே இழுக்க ஒரு விசிறி உண்டு, அதன் ஸ்விட்ச் என் ஒலி அறையில்தான் இருந்தது.

"மாமா, எத வேணா நிறுத்துங்க, புகை இழுக்குற விசிறிய மட்டும் நிறுத்திடாதீங்க. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. மெதுவாத் தூக்கம் வரும். கை காலு அசையாது. அப்புறம் எந்திரிக்கிற பேச்சே இல்ல." சொல்லிவிட்டு என் தோளில் தட்டினான். "உங்க நன்றியுரை மாதிரியேதான்."

வேடிக்கைக்காரன். வீட்டிலும் அப்படித்தான், அவன் வந்தால் ஒரே சிரிப்பாக இருக்கும்.

அன்றைக்குப் பேராசிரியர் கண்ணாடியை ஆறவைப்பது பற்றிப் பேசினார். ஊதின சூட்டோடு வெளியே வைத்தால் விரிசல் விடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆறவிட வேண்டும் என்றார். எனக்குப் பிடித்திருந்தது. ஜனங்களுக்கும் அது பொருந்தும் என்று தோன்றியது. தெருச் சத்தத்துக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள், உலை எரிந்துகொண்டிருந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் விசிறியை நிறுத்தினேன். அதன் இரைச்சல் அடங்கியது.

"அப்பாடா, இப்பத்தான் என் குரல் எனக்கே கேக்குது" என்றார். அரங்கமே சிரித்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்து போகத் தெம்பில்லாமல் இருந்தால் போதும். என் எண்ணம் அவ்வளவுதான். பேச்சு முடியும் தறுவாயில் வெளியே சுற்றிப் போய் அரங்கின் இரண்டு கதவுக்கும் தாழ் போட்டேன். அது சற்று அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு வாசித்தேன். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பேராசிரியர் தலையைத் தொங்கவிட்டிருந்தார். மச்சினன் உலைக்குப் பக்கத்தில் தரையிலேயே சாய்ந்திருந்தான். என் பேச்சுக்கு அவன் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. யாரோ இரண்டு பேர் கதவுவரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

என் மனைவி எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துப் பிடித்துக் கண்ணாடியிடம் வந்தாள். உள்ளங்கையால் அடித்தாள். வாய் அசைந்தது. சுருக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அப்படித்தான் நினைத்தீர்களா என்று. இல்லை சார். அவள் சொன்னது 'என்னங்க'. அவள் என்னைக் கூப்பிடும் ஒரே சொல் அது. கேட்க வேண்டியதில்லை, உதட்டைப் பார்த்தாலே தெரியும். ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கை போகவில்லை. பாதியில் நிறுத்தினால் அவளுடைய பத்தி வராமலே போய்விடும். என்னால் என்ன செய்ய முடியும்? அவளைக் கடைசியில் வைத்ததுதான் நான் செய்த தப்பு, முதலிலேயே வைத்திருக்கலாம்.

அவள் கண்ணாடியில் கையை வைத்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். கேட்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று நானும் நிதானமாக வாசித்தேன். அவள் பத்தியில் குரல் உடைந்தது, சமாளித்துக்கொண்டேன். முடித்து, தாளை மடித்து, மைக்கை அணைத்து, விசிறியைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போனேன்.

விசிறியை நிறுத்தியதும் தாழ் போட்டதும் நான்தான், தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் என் மனைவிக்கு நான் நன்றி சொன்னதற்குச் சாட்சி யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்திவிடுங்கள். அரங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள் சார். ஒருத்தர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை.