மேடு ஏறாத பாட்டரி வண்டி

"வண்டி மேடு ஏறாததுக்கு நான் துன்ற சோறுதான் காரணமாம்!"

எழுபதுகளில் ஒரு மாலை, திருவள்ளூரில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பருத்த மனிதர் இப்படிக் கத்தினார். காக்கிச் சட்டை. ஏதோ கம்பெனிக்குள் சரக்கு ஏற்றும் பாட்டரி வண்டி ஓட்டுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சிநேகிதர் டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டார்.

"யாருண்ணா அப்டி சொன்னது?"

"இன்ஜினீயருதான். லோடு ஏத்திக்கினு குடோன் சரிவுல போனா வண்டி பாதியிலயே நின்னுபூடுது. மோட்டார பாருங்க சார்னா, என் தொப்பைய பாக்குறாரு!"

"அப்புறம்?"

"வண்டிய புடுங்கி ஒல்லிப் பையன் மாணிக்கத்துகிட்ட குடுத்துட்டாரு. இன்னிக்கு மேனேஜரு முன்னால ஓட்டிக் காட்டுனாங்க. ஜம்முனு ஏறிச்சி. இன்ஜினீயருக்கு ஒரே கைதட்டு."

"அப்போ அவரு சொன்னது சரிதானேண்ணா?"

"இன்னா சரி? 'நீ சும்மா நிக்காத, பின்னால போய்த் தள்ளு'ன்னு என்கிட்ட சொன்னதே அவருதான். லோடு மறைவுல, இதே தொப்பையால முட்டிக்கினு அந்த வண்டிய மேல ஏத்துனது நாந்தாண்டா!"